வடநோர்வேக் கரையில் ஒரு குளிர் வாரம்: முதலில் காற்றின் திசையைப் பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இது. பெப்ரவரி முதல் வாரத்தில் இரண்டு பிள்ளைகளுடன் வடநோர்வேயின் கரையோர நகரமான ட்ரொம்சோவுக்கு வந்து, சில நாள் தங்கி, வியாழக்கிழமை சிறிய விமானத்தில் நாட்டின் வடகோடிப் பகுதியான ஃபின்மார்க்கின் கரையோர ஊர் ஒன்றிலுள்ள உறவினர் வீட்டுக்குப் போக ஒருவர் திட்டமிட்டிருக்கிறார். அவருடைய கைப்பேசி திங்களுக்கு −14, வியாழனுக்கு −6, சனிக்கு +4, ஞாயிறுக்கு −2 பாகை செல்சியஸ் என்று காட்டுகிறது. "கடலோரம் என்பதால் குளிர் அதிகம் இராது என்றார்கள், அப்படியானால் −14 எப்படி வந்தது? ஒரே வாரத்தில் 18 பாகை ஏறி இறங்குமா? எந்த நாளுக்கு நாங்கள் உண்மையில் அஞ்ச வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். திங்கட்கிழமைக்கு நல்ல உடுப்பு வேண்டும். ஆனால் அஞ்ச வேண்டியது வியாழனுக்கும், அதற்குப் பிறகு சனி, ஞாயிறு ஆகிய இரு நாள்களுக்கும்தான். எண்களை மட்டும் பார்த்தால் இது தலைகீழாகத் தோன்றும். ஏன் அப்படி என்பதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் இந்தக் கரையில் 20 ஆண்டுகளுக்கு மேலாக வாழ்கிறேன். 1980களின் பிற்பகுதியிலிருந்து ஃபின்மார்க்கின் மீன்பிடி ஊர்களுக்கு வேலை தேடி வந்த ஈழத்தமிழர் பலரைப் போலவே, எனக்கும் இங்கே முதலில் கிடைத்தது மீன் பதனிடும் தொழிற்சாலை வேலைதான். முதல் மாரியில், அதாவது முதல் குளிர்காலத்தில், வேலைக்குப் புறப்படுமுன் யன்னலுக்கு வெளியே மாட்டியிருந்த வெப்பமானியை நான் தவறாமல் பார்ப்பதைக் கவனித்த ஒரு முதியவர், வாழ்நாளின் பெரும்பகுதியைப் படகிலே கழித்தவர், அதைப் பிறகு பார்க்கலாம், வீட்டுப் புகைபோக்கியின் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று முதலில் பார் என்றார். அந்த ஒரு சொல்லின் பொருளை முழுதாக விளங்கிக்கொள்ள எனக்குப் பல மாரிகாலங்கள் தேவைப்பட்டன.

தமிழில் காற்றுக்குத் திசைதோறும் ஒரு பெயர் உண்டு. கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை. இவற்றுள் வாடை குளிர் கொண்டுவரும், தென்றல் இதம் தரும் என்பது நம் மொழியிலேயே ஊறிப்போன அறிவு. வடநோர்வேக் கரையில் இந்த அறிவை ஏறக்குறைய புரட்டிப் போட வேண்டும். இங்கே வெப்பமானியை மிகக் கீழே இறக்குவது தெற்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ வரும் காற்று. வடக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வருகிற காற்று, துருவத்தின் பனிப்பரப்பிலிருந்து கிளம்பியிருந்தாலும், கரையைத் தொடும்போது பெரும்பாலும் உறைநிலைக்குச் சில பாகைகள் கீழே மட்டுமே இருக்கும். தென்மேற்குக் காற்றோ நடுமாரியிலும் மழை கொண்டுவரும். காரணம் எளியது: தெற்கிலும் தென்கிழக்கிலும் இருப்பது நிலம், மற்ற மூன்று பக்கமும் இருப்பது உறையாத கடல்.

அந்தக் கடலைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். லொஃபோத்தன் தீவுத்தொடரின் தென்முனைக்கு அப்பால் ரோஸ்ட் என்றொரு சிறு தீவு இருக்கிறது. அதன் அகலக்கோடு ஏறக்குறைய 67.5 பாகை வடக்கு. சைபீரியாவின் வெர்ஹயான்ஸ்க் நகரமும் அதே அகலக்கோட்டில்தான் இருக்கிறது. வெர்ஹயான்ஸ்கின் ஜனவரிச் சராசரி ஏறக்குறைய −45 பாகை. 1892 பெப்ரவரியில் அங்கே −67.8 பாகை பதிவாகியிருக்கிறது. ரோஸ்டின் ஜனவரிச் சராசரியோ உறைநிலைக்குச் சற்று மேலே நிற்கிறது. இரண்டு ஊர்களுக்கும் கிடைக்கும் சூரிய ஒளி ஒன்றுதான், அதாவது நடுமாரியில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அகலக்கோட்டுக்கு ஒத்துவராத இந்த வெதுவெதுப்பில் உலகில் வேறெந்த இடமும் லொஃபோத்தன் பகுதியை மிஞ்சுவது அரிது.

இதற்குக் காரணமாக எல்லோரும் வளைகுடா நீரோட்டத்தைச் சொல்வார்கள். அது பாதி உண்மை. அத்திலாந்திக்கின் வெப்பநீர் நோர்வேயின் கரையை ஒட்டி வடக்கே ஓடி, பாரன்ட்ஸ் கடல்வரை பரவுகிறது என்பதும், அதனாலேயே பெப்ரவரியிலும் ட்ரொம்சோவை ஒட்டிய கடல்நீர் ஏறக்குறைய 4 பாகையில் இருக்கிறது என்பதும் சரி. ஆனால் ரிச்சர்ட் சீகரும் டேவிட் பட்டிஸ்டியும் வேறு சில ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வொன்று, மேற்கு ஐரோப்பாவின் மென்மையான மாரிக்குப் பெரும் பங்களிப்பது வேறு இரண்டு என்று வாதிட்டது: கோடையில் கடல் சேமித்துவைத்த வெப்பத்தை மாரியில் திருப்பித் தருவது ஒன்று, வட அமெரிக்காவின் ரொக்கி மலைத்தொடர் மேல்வானக் காற்றை வளைத்து, ஐரோப்பாவை நோக்கித் தென்மேற்கிலிருந்து வீசச் செய்வது மற்றொன்று. வடநோர்வேயைப் பொறுத்தவரை நீரோட்டத்தின் பங்கை யாராலும் ஒதுக்கிவிட முடியாது. அது கடலை உறையவிடாமல் வைத்திருக்கிறது என்பதே போதும். மேற்பரப்பு உறைந்துவிட்ட கடல், வானிலையைப் பொறுத்தவரை நிலத்தைப் போலவே நடந்துகொள்ளும். அதன் வெப்பம் பனிக்கட்டிக்கு அடியில் பூட்டப்பட்டுவிடும்.

இப்போது நிலத்தின் பக்கம் திரும்புவோம். கரையின் மலைகளுக்குப் பின்னால் ஃபின்மார்க் மேட்டுநிலம் இருக்கிறது. கடல்மட்டத்துக்கு 300 முதல் 500 மீட்டர் உயரத்தில் 20,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கும் வெட்டவெளி அது. வானம் தெளிந்து காற்று ஓய்ந்துவிட்டால், பனி மூடிய அந்தத் தரை தன் வெப்பத்தை இரவும் பகலும் விண்வெளிக்கு இழந்துகொண்டே இருக்கும். அதை ஈடுசெய்யச் சூரியன் இல்லை. குளிர்ந்து கனத்த காற்று பள்ளங்களில் தேங்கும். அதனால் பள்ளத்தாக்கின் அடியில் இருப்பதைவிட மலைச்சரிவில் வெப்பம் கூடுதலாக இருக்கும். நோர்வேயில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையான −51.4 பாகை, 1886 ஜனவரி 1ஆம் நாள் அந்த மேட்டுநிலத்தின் காராஷொக் ஊரில் பதிவானது. அண்மையில், 2024 ஜனவரியின் முதல் வாரத்தில் வட ஸ்கண்டினேவியா முழுவதும் கடுங்குளிரில் ஆழ்ந்தபோது, அதே மேட்டுநிலத்தின் கௌத்தொகைனோ ஊரில் −43.5 பாகைவரை இறங்கியது. ட்ரொம்சோ நகர வானிலை நிலையத்தின் நெடுங்காலப் பதிவுகளில் மிகக் குறைந்தது −18.4 பாகை. கௌத்தொகைனோவுக்கும் ட்ரொம்சோவுக்கும் இடையில் நேர்கோட்டில் 200 கிலோமீட்டர் அளவுதான் தொலைவு.

ஆகவே உங்கள் கைப்பேசி காட்டும் திங்கட்கிழமையின் −14 என்பது கடலின் குளிர் அல்ல. உள்நாட்டு மேட்டுநிலத்தின் குளிர் கரைவரை வழிந்து வந்திருக்கிறது என்று பொருள். மேட்டுநிலத்தில் தேங்கிய காற்று, அணை நிரம்பி வழிவதைப் போல, பள்ளத்தாக்குகள் வழியே இறங்கி ஃபியோர்டுகளுக்குள் புகுந்து கடலை நோக்கி ஓடும். ஃபியோர்டு என்பது மலைகளுக்கிடையே நிலத்துக்குள் நீண்டு வரும் ஒடுங்கிய கடற்கை. அந்த ஒடுக்கத்தினூடாக வரும் காற்று வேகம் பிடிக்கும். ஒரே ஊரில், ஒரே நேரத்தில், மலை மறைவில் இருக்கும் தெருவில் புகை நேரே மேலெழும். இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஃபியோர்டின் வாய்க்கு எதிரே நிற்பவரால் கண்ணைத் திறக்க முடியாது.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைக் கணக்குப் போட்டே காட்டலாம். காற்றின் குளிர்த்தாக்கத்தை அளக்கும் முயற்சி, 1940களில் அண்டார்க்டிக்காவில் போல் சைப்பிள், சார்ல்ஸ் பசெல் ஆகிய இருவர் நீர் உறையும் வேகத்தை அளந்ததிலிருந்து தொடங்கியது. 2001இல் கனடாவும் அமெரிக்காவும் அதைத் திருத்தி இப்போது வழக்கிலுள்ள சூத்திரத்தை ஏற்றுக்கொண்டன. அதன்படி, −14 பாகையில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகமுள்ள இளங்காற்று வீசினால், மூடப்படாத முகம் உணர்வது ஏறக்குறைய −17. அதே −14இல் ஃபியோர்டின் வாயில் மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் உணர்வது −28. அந்த நிலையில் மூடாத தோல் அரைமணி நேரத்துக்குள் உறைந்து புண்ணாகத் தொடங்கலாம். இனி வியாழக்கிழமைக்கு வாருங்கள்: −6 பாகையில் மணிக்கு 65 கிலோமீட்டர் காற்று வீசினால் உணர்வது மறுபடியும் −17. அதாவது மலை மறைவில் கழியும் திங்களும் புயலடிக்கும் வியாழனும் உங்கள் கன்னத்துக்கு ஒன்றே. நோர்வேயின் வானிலை முன்னறிவிப்புகளில் காற்று விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று தரப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த எண்ணை 3.6ஆல் பெருக்கினால் மணிக்குக் கிலோமீட்டர் கிடைக்கும். 15 என்று சிறிதாகத் தெரிவது உண்மையில் 54.

திங்கள், செவ்வாய் நாள்களின் அழகையும் சொல்லாமல் விடக்கூடாது. 4 பாகைக் கடல்நீரின் மேல் −14 பாகைக் காற்று படியும்போது, நீரிலிருந்து எழும் ஆவி உடனே சுருங்கி வெண்புகையாக மாறும். அடுப்பில் வைத்த பானையைப் போல ஃபியோர்டு முழுவதும் ஆவி பறக்கும். இங்கே அதை உறைபனிப் புகை என்று சொல்வார்கள். அது காற்றோடு நகர்ந்து, கரையிலுள்ள கம்பிகளிலும் படகுக் கயிறுகளிலும் வெண்பூச்சாகப் படியும். வானம் தெளிந்திருப்பதால் துருவ ஒளியைக் காண்பதற்கும் இவையே ஏற்ற இரவுகள்.

இன்னொன்றும் புதியவர்களுக்குப் பிடிபடுவதில்லை. நண்பகலில் வெயில் ஏறியதும் குளிர் விடும் என்று காத்திருப்பது நம் இயல்பு. ட்ரொம்சோவில் நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதிவரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. சுற்றியுள்ள மலைகள் மறைப்பதால் நகரத்தவர் கண்ணுக்கு அது திரும்பத் தெரிவது ஜனவரி 21ஐ ஒட்டித்தான். பெப்ரவரி முதல் வாரத்தில் பகல் நாளுக்கு ஏறக்குறைய 10 நிமிடம் நீள்கிறது என்றாலும், அடிவானத்தை ஒட்டி ஊர்ந்துபோகும் அந்தச் சூரியனுக்குப் பனியைச் சூடாக்கும் வலு இல்லை. ஆகவே வெப்பநிலை கடிகாரத்தைப் பின்பற்றாது. அதிகாலை 3 மணிக்கு −5 ஆகவும் நண்பகலில் −13 ஆகவும் இருக்கக்கூடும். இடையில் நிகழ்ந்தது காற்றின் திசை மாறியது மட்டுமே.

புதன்கிழமை பெரும்பாலும் ஏமாற்றும் நாள். நிலக்காற்று தளரும், வானம் இன்னும் பாதி தெளிந்திருக்கும், வெப்பமானி மெல்ல ஏறும், குளிர் முடிந்தது என்று தோன்றும். கடலில் நடப்பதோ வேறு. ஸ்கண்டினேவியாவின் மேல் நின்று வானத்தைத் தெளிவாக வைத்திருந்த உயரமுக்கம், அதாவது உயர் காற்றழுத்தப் பகுதி, விலகியதும், துருவத்தின் பனிக்கட்டிப் பரப்பின் மேலிருந்த கடுங்குளிர்க் காற்று நோர்வேக் கடலின் மேல் தெற்கு நோக்கிக் கொட்டத் தொடங்கும். அது பல நூறு கிலோமீட்டர் உறையாத நீரின் மேல் பயணம் செய்கிறது. கீழ்ப்படை சூடாகி ஈரத்தை ஏற்றிக்கொள்ள, மேல்படை குளிராகவே இருக்கும். கீழே சூடு மேலே குளிர் என்ற அந்த நிலையில் காற்று கொதிநீரைப் போலப் புரளும். அதிலிருந்துதான் பனிப்பொழிவு அலைகள் பிறக்கின்றன. பத்து நிமிடம் எதிர்வீடு தெரியாமல் கொட்டும், பிறகு நட்சத்திரம் தெரியும், மறுபடி கொட்டும். ட்ரொம்சோவின் பெருமாரிகளில் பனி மலைபோலக் குவிவதற்கு இந்தக் கடற்காற்றுகளே காரணம். 1997 ஏப்ரல் 29ஆம் நாள் அங்கே தரையில் 240 சென்டிமீட்டர் பனி கிடந்தது.

அந்தப் புரளலிலிருந்து சில வேளைகளில் எழுவதுதான் இந்தக் கரையின் மீனவர் தலைமுறைகள் மிக அஞ்சியது: துருவத் தாழமுக்கம், அதாவது துருவப்பகுதிக் கடலில் உருவாகும் குறைந்த காற்றழுத்தச் சுழல். பெரிய அத்திலாந்திக் புயல்களோடு ஒப்பிட்டால் இது சிறியது. குறுக்களவு சில நூறு கிலோமீட்டர், ஆயுள் பெரும்பாலும் ஒரு நாள் அல்லது ஒன்றரை நாள். ஆனால் சில மணி நேரத்திலேயே இளங்காற்றைப் புயற்காற்றாக மாற்றிவிடும். செய்மதிப் படங்களில் பார்த்தால் சிலவற்றுக்கு வெப்பமண்டலச் சூறாவளியைப் போலவே நடுவில் கண்ணும் சுற்றிலும் முகிற்சுருளும் தெரியும். வங்காள விரிகுடாவின் சூறாவளியும் துருவத்தின் இந்தக் குட்டிப் புயலும், வெதுவெதுப்பான கடலிலிருந்து ஆற்றலை உறிஞ்சும் வகையில் ஒன்றுக்கொன்று உறவுடையவை. ஒன்றில் கடல் ஏறக்குறைய 26.5 பாகைக்கு மேலே இருக்க வேண்டும். மற்றதில் கடல் 4 பாகையில் இருந்தாலே போதும், தலைக்கு மேலுள்ள காற்று மட்டும் அதைவிட மிக மிகக் குளிர்ந்திருக்க வேண்டும். கடலின் மேற்பரப்புக்கும் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் உயரத்திலுள்ள காற்றுக்கும் இடையே 43 பாகைக்கு மேல் வேறுபாடு இருக்கிறதா என்று முன்னறிவிப்பாளர்கள் பார்ப்பது இதனால்தான். நிலத்தில் ஏறியதும், சூடான நீர் இல்லாமற்போவதால், இது விரைவில் செத்துவிடும். ஆகவே இதன் முழு அடியையும் வாங்குவது கடலும், கரையோரத்தின் முதல் சில கிலோமீட்டர்களும்தான்.

செய்மதிகள் வருமுன் இவற்றை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. வானிலை வரைபடத்தில் இரண்டு நிலையங்களுக்கிடையே ஒளிந்துகொள்ளக்கூடிய அளவு சிறியவை அவை. கடலில் நிலையங்களும் இல்லை. 1980களின் முதற்பாதியில் நோர்வே இதற்கென்றே ஓர் ஆய்வுத்திட்டத்தை நடத்தியது. 1984 பெப்ரவரியில் ஓர் ஆய்வு விமானம் இத்தகைய தாழமுக்கம் ஒன்றினூடாகவே பறந்து அளவெடுத்தது. இன்று ட்ரொம்சோவிலுள்ள முன்னறிவிப்பு நிலையம் இவற்றுக்குத் தனி எச்சரிக்கை விடுக்கிறது. அப்படியிருந்தும், எங்கே கரையேறும் என்பதை ஒரு நாளுக்கு மேல் முன்னதாகத் துல்லியமாகச் சொல்வது கடினம். உங்கள் கைப்பேசியில் வியாழனுக்கு வெறும் −6 என்று ஓர் எண்ணும் ஒரு பனித்துளிப் படமும் மட்டுமே தெரிவதை நான் நம்பாமல் இருப்பதற்குக் காரணம் இதுவே. வியாழன் வெறும் பனித்தூறலோடு போய்விடலாம், போகாமலும் விடலாம்.

அது புயலானால் என்ன ஆகும்? ஃபின்மார்க்கின் சிறிய ஊர்களின் ஓடுபாதைகள் பல 800 மீட்டர் அளவே நீளமுள்ளவை. அவற்றில் இறங்கும் சிறு விமானங்கள் குறுக்குக்காற்றிலும் பார்வை மறைந்த நிலையிலும் இறங்க மாட்டா. பயணம் தள்ளிப்போகும், அல்லது பாதிவழியில் வேறு ஊரில் இறக்கிவிடுவார்கள். மலைக்கணவாய்ச் சாலைகளில் பனி தள்ளும் வாகனத்தின் பின்னால் அணிவகுத்தே போக வேண்டும். இன்னும் மோசமானால் தடுப்புக்கட்டை இறங்கிவிடும். பிள்ளைகளுடன் வாகனத்தில் காத்திருக்க நேர்ந்தால் வேண்டிய போர்வை, உணவு, சூடான பானம் ஆகியவற்றை இருக்கைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், பின்பெட்டியில் வேண்டாம். அந்தக் காற்றில் வெளியே இறங்கிப் பின்பெட்டியைத் திறப்பது எளிய காரியம் அன்று.

கடலில் இருப்பவர்களுக்கு இதே நாள் வேறொரு முகத்தைக் காட்டும். கடல்நீர் உப்பினால் ஏறக்குறைய −1.8 பாகையில்தான் உறையும். காற்று அதைவிடக் குளிர்ந்து வேகமாகவும் வீசும்போது, படகின் முன்புறம் அலையை உடைத்துத் தெறிக்கும் ஒவ்வொரு துளியும் கம்பியிலும் கூரையிலும் பட்டவுடன் பனிக்கட்டியாகும். தொன் கணக்கில் எடை மேலே ஏற ஏறப் படகின் நிலைப்பு குறையும். ஒரு கட்டத்தில் சரிந்த படகு நிமிராது. மரக்கட்டைகளால் அந்தப் பனிக்கட்டியை விடிய விடிய அடித்து உடைத்தவர்களோடு நான் வேலை செய்திருக்கிறேன். புகையின் சாய்வை முதலில் பார் என்று சொன்னவரும் அவர்களில் ஒருவர். அவர் அதைப் பழக்கத்தால் சொன்னதாக எண்ணியிருந்தேன். காரணம் தெரிந்தபின் அந்தச் சொல்லின் எடையே வேறாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை வானிலை சற்று ஓயும். சனிக்கிழமை +4. அத்திலாந்திக்கிலிருந்து வரும் பெருந்தாழமுக்கம் ஒன்றின் முன்னால், ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள தென்மேற்குக் காற்று கரையைத் தொடுகிறது. இத்தகைய தாழமுக்கங்களின் உள்ளமைப்பை உலகம் விளங்கிக்கொண்டதே நோர்வேயிலிருந்துதான். வில்ஹெல்ம் பியர்க்னெஸ் 1917இல் பேர்கன் நகருக்கு வந்து தொடங்கிய ஆய்வுக்குழு, கரையோர மீனவர்களுக்கும் விவசாயிகளுக்கும் முன்னறிவிப்புத் தர முயன்றபோதுதான், குளிர்காற்றும் வெப்பக்காற்றும் மோதும் எல்லைக்கோட்டைக் கண்டது. முதல் உலகப்போர் நடந்த காலமாதலால், அதற்குப் போர்முனை என்று பொருள்படும் பெயரையே வைத்தார்கள். உங்கள் சனிக்கிழமை அந்த வெப்பமுனை உங்களைக் கடக்கும் நாள்.

மூன்று நாள் குளிரில் நடுங்கியவருக்கு +4 வரம் போலத் தெரியும். மலைச்சரிவுகளுக்கோ அது ஆபத்து. ஆழமில்லாத பனிப்படைக்கு மேலே கடுங்குளிர்க் காற்றும் அடியில் உறைநிலையை ஒட்டிய தரையும் இருக்கும்போது, அடிப்பனியின் ஈரம் ஆவியாகி மேலே நகர்ந்து, அடியில் சீனியைப் போன்ற ஒட்டாத பருமணிகள் உருவாகும். திங்களும் செவ்வாயும் இந்த வேலையைச் செய்துவைக்கின்றன. வியாழனின் காற்று அதன்மேல் கனமான பனிப்பலகையை அடுக்குகிறது. சனியின் மழையும் வெப்பமும் மேற்சுமையைக் கூட்டுகின்றன. ஒட்டாத அந்த மணிகள் சரிய, பலகை முழுவதும் வழுக்கி இறங்குவதுதான் பனிச்சரிவு. ஆகவே பிள்ளைகளுடன் சரிவுகளின் அடியில் சறுக்கி விளையாடுவதானால், அந்தப் பகுதிக்கான பனிச்சரிவு எச்சரிக்கையை முதலில் பாருங்கள். அது 1 முதல் 5 வரையான படிகளில் தரப்படும். 3 என்பது நடுத்தரம் போல ஒலித்தாலும், பெரும்பாலான உயிரிழப்புகள் நிகழும் படிகளில் ஒன்று அது.

சீனிபோன்ற அந்த அடிப்பனியை இங்கே நெடுங்காலமாகக் கலைமான் மேய்த்துவரும் சாமி மக்கள் சியங்காஷ் என்று அழைக்கிறார்கள். அவர்களுக்கு அது நல்ல பனி. கலைமான் குளம்பால் எளிதாகத் தோண்டி அடியிலுள்ள பூஞ்சைப்பாசியை எட்டும். சனிக்கிழமை மழை பெய்து, ஞாயிறன்று அது இறுகினால், மேலே பனிக்கட்டி ஓடு மூடிவிடும். உணவு கண்முன்னே இருந்தும் எட்ட முடியாமல் மந்தை பட்டினி கிடக்கும் அந்த நிலைக்கும் அவர்களிடம் தனிச்சொல் உண்டு: கோவ்வி. 1979க்குப் பிந்தைய நான்கு பத்தாண்டுகளில் துருவப்பகுதி உலகச் சராசரியைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமடைந்திருக்கிறது. நடுமாரி மழை அதோடு கூடவே வருகிறது. மேய்ப்பவர்களைச் சந்தித்தால் இதைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள்.

உறைநிலையை ஒட்டி ஏறி இறங்கும் இதே வானிலையால் வாழ்பவர்களும் இருக்கிறார்கள். பாரன்ட்ஸ் கடலிலிருந்து முட்டையிட வரும் கொட் மீனை, லொஃபோத்தன் மக்கள் பெப்ரவரியிலிருந்து மரச்சட்டங்களில் தொங்கவிட்டு உப்பே இடாமல் கருவாடாக்குகிறார்கள். கடுங்குளிரானால் தசை உறைந்து சிதையும், வெப்பம் கூடினால் ஈ மொய்க்கும். இரண்டுக்கும் நடுவே வாரக்கணக்கில் நிற்கும் இந்தக் கடலோரக் குளிரால்தான் அந்தத் தொழில் நூற்றாண்டுகளாக அங்கே நிலைத்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை −2 பாகை. வானம் வெளுத்து, காற்று ஓய்ந்து, வாரத்திலேயே இனிமையான நாளாகத் தோன்றும். எலும்பு முறிவுக்கு மருத்துவரிடம் போகிறவர்கள் கூடுவது இப்படிப்பட்ட நாளில்தான். முந்தின நாள் மழையில் நனைந்து மிதிபட்ட பனி, இரவில் கண்ணாடியாக இறுகியிருக்கும். −14இல் பனி உலர்ந்து சரசரக்கும், காலணி பிடிக்கும். −2இல் மெல்லிய நீர்ப்படலம் பூத்த பனிக்கட்டியில் எந்த அடித்தோலும் நிற்காது. காலணியின் மேல் இழுத்து மாட்டும் ஆணிப்பட்டைகளை இங்கே ப்ரொடெர் என்று கேட்டால் எந்தக் கடையிலும் எடுத்துத் தருவார்கள். வந்திறங்கிய முதல்நாளே ஆளுக்கொரு சோடி வாங்கிவிடுங்கள். வாகனம் வாடகைக்கு எடுப்பதானால் ஆணி பதித்த ரயர் இருக்கிறதா என்று கேளுங்கள். வடநோர்வேயில் அதற்கு அக்டோபர் 16 முதல் ஏப்ரல் 30 வரை அனுமதி உண்டு.

உடுப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். தோலை ஒட்டிக் கம்பளி, அதன்மேல் இன்னொரு கம்பளி, வெளியே காற்றை அடைக்கும் மேலங்கி. பருத்தி வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஈரத்துணி உடல்வெப்பத்தை வேகமாகக் கடத்திவிடும். விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும்படி, பிள்ளைகளுக்கு விரல் பிரியாத கையுறை மாட்டுங்கள். கன்னத்திலோ மூக்கிலோ வெண்புள்ளி தெரிந்தால் தேய்க்காதீர்கள். வெறுங்கையை மெதுவாக வைத்து உடற்சூட்டாலேயே இளக்குங்கள். வீட்டுக்குள் உதடு வெடித்து மூக்கு எரிவதும் குளிரின் வேலைதான். −14இல் காற்று ஏந்தக்கூடிய ஈரம் மிகச் சிறிது. அதை உள்ளே கொண்டுவந்து 20 பாகைக்குச் சூடாக்கினால் பாலைவனக் காற்றைப் போல உலர்ந்துவிடும். தாகம் தோன்றாவிட்டாலும் நீர் குடிக்கச் செய்யுங்கள்.

இனி உங்கள் திட்டம். ஐந்து நாளுக்கு மேற்பட்ட எண்களை ஒரு போக்காக மட்டும் எடுத்துக்கொண்டு, புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு காற்றின் திசையையும், அடைப்புக்குறிக்குள் தரப்படும் அதிகபட்ச வேகத்தையும் பாருங்கள். திசை வடக்கு அல்லது வடமேற்காகவும், வேகம் விநாடிக்கு 15 மீட்டருக்கு மேலாகவும் இருந்தால், வியாழன் விமானத்தைப் புதன் காலைக்கு மாற்றிவிடுங்கள். மாற்ற முடியாவிட்டால், வெள்ளிக்கிழமைக்கு எந்த ஏற்பாடும் வைக்காமல், ட்ரொம்சோவில் இன்னும் ஓர் இரவு தங்குவதற்கு இடத்தை உறுதிசெய்து வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமையின் −14ஐப் பார்த்து எதையும் மாற்ற வேண்டியதில்லை. அன்று பிள்ளைகளை மலை மறைவான பக்கத்திலிருந்து கடலோரம் கூட்டிச்சென்று, கடல் புகைவதைக் காட்டுங்கள்.